ஓவியக் கட்டும் கல்லூரி வாயிலும்

பிறந்த ஊரை விட்டுப் பிற மாநிலத்தில் குடியேறி வாழும் தமிழர்களுக்கு ஓர் உண்மை நன்கு தெரியும். சொந்த ஊரில் ஒருவனுக்குத் தனியே அறிமுகம் வேண்டுவதில்லை. இன்னார் மகன், இன்ன தெருவினன், இன்ன தொழில் செய்யும் குடும்பத்தினன் என்பதே போதும். வந்து சேர்ந்த ஊரிலோ பாட்டன் பெயரை எவரும் அறியார். "உனக்கு என்ன தெரியும்? செய்து காட்டு" என்பதே அங்கே எழும் முதற் கேள்வி. தான் செய்தவற்றைச் சேர்த்துக் கட்டி, அறியாதார் முன் விரித்துக் காட்டும் வழக்கம் உலகெங்கும் இந்தக் கேள்விக்கு விடையாகவே வளர்ந்திருக்கிறது.

இன்று வடிவமைப்புக் கல்லூரிகளில் இடம் நாடும் மாணவர் பலரிடமும் இந்தக் கேள்வியே கேட்கப்படுகிறது. போர்ட்ஃபோலியோ என்று வழங்கும் படைப்புத் தொகுப்பு ஒன்றைக் கொண்டுவருமாறு பல கல்லூரிகள் கூறுகின்றன. அச்சொல் இத்தாலிய மொழியிலிருந்து வந்தது. ஏட்டைச் சுமப்பது என்பது அதன் பொருள். ஏடும் சுவடியும் நமக்குப் புதியன அல்ல. ஆயினும் அந்தக் கட்டினுள் எதை வைப்பது, எப்படி அடுக்குவது, தேர்வாளர் முன் என்ன சொல்லுவது என்பவற்றில் பெற்றோர்க்கும் பிள்ளைகளுக்கும் பெருங்குழப்பம் இருக்கக் காண்கிறோம். இக்குழப்பம் தீர வேண்டுமானால், இத்தகைய தொகுப்பைக் கேட்டவர்கள் காலந்தோறும் அதில் எதைத் தேடினார்கள் என்பதை அறிய வேண்டும். அவ்வரலாற்றையே இங்குச் சுருங்கக் கூற முற்படுகிறோம்.

பேசுவதற்கு ஓர் இடத்தையும் குறித்துக்கொள்வோம். செகந்தராபாத்தின் கிழக்கே மெட்டுகுடா என்னும் பகுதி இருக்கிறது. செகந்தராபாத் 1806ஆம் ஆண்டில், மூன்றாம் நிஜாமான சிக்கந்தர் ஜாவின் பெயரால் படைப்பாசறை நகரமாகத் தோன்றியது. சென்னைப் படையின் பிரிவுகள் அங்கே தங்கியிருந்தன. படையோடு கணக்கரும் வணிகரும் கைவினைஞரும் தமிழ் நாட்டிலிருந்து வந்தனர். 1874இல் வாடியிலிருந்து செகந்தராபாத் வரை இருப்புப் பாதை முடிவுற்றது. 1893இல் மெட்டுகுடாவை அடுத்த லாலாகுடாவில் நிஜாம் ரயில்வேயின் பட்டறை எழுந்தது. 1966ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் தென்மத்திய ரயில்வே தோன்றி, செகந்தராபாத் அதன் தலைமையிடம் ஆயிற்று. ரயில்வேயை நம்பி வந்த தமிழ்க் குடும்பங்கள் இவ்வட்டாரத்தில் வேரூன்றின. இன்று மெட்டுகுடாவில் மெட்ரோ ரயில் நிலையமும் உண்டு. தமிழ், தெலுங்கு, உருது ஆகிய மூன்று மொழிகளும் ஒரே தெருவில் ஒலிக்கும் இடம் அது.

பட்டறைத் தொழிலாளர் குடும்பங்கள் படைப்புத் தொகுப்பின் தத்துவத்தை அறியாதவை அல்ல. ரயில்வே பட்டறைகளில் பதவி உயர்வுக்கு 'ட்ரேடு டெஸ்ட்' என்னும் தொழில் தேர்வு நடைபெறுவதுண்டு. வரைபடம் ஒன்றைக் கொடுப்பார்கள். இரும்புத் துண்டொன்றையும் கொடுப்பார்கள். அரத்தால் ராவி, அளவு பார்த்து, ஒன்றோடொன்று பொருந்துமாறு செய்து வைக்க வேண்டும். மேற்பார்வையாளர் அளவுகருவியை வைத்துப் பார்ப்பார். அங்கே பரிந்துரைக்கு வேலையில்லை. செய்த துண்டே பேசும். தந்தை இரும்பில் கொடுத்த தேர்வைத்தான் மகளும் மகனும் இன்று காகிதத்தில் கொடுக்கப் புகுகின்றனர். வேறுபாடு ஒன்றுண்டு. பட்டறைத் தேர்வில் எது சரி என்பது வரைபடத்திலேயே முடிவாகியிருக்கிறது. வடிவமைப்புக் கல்லூரியில் அந்த வரைபடத்தையே மாணவன்தான் ஆக்க வேண்டும்.

செய்ததை அவை முன் வைத்து ஒப்புதல் பெறும் முறை தமிழில் மிகப் பழையது. அரங்கேற்றம் என்பது அதன் பெயர். தொல்காப்பியம் நிலந்தருதிருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியது என்று அந்நூலின் பாயிரம் கூறுகிறது. சிலப்பதிகாரத்தில் ஒரு காதைக்கே அரங்கேற்று காதை என்று பெயர். ஏழாண்டு பயின்ற மாதவி, பன்னிரண்டாம் வயதில் சோழ மன்னன் முன் ஆடித் தலைக்கோலும் 1008 கழஞ்சுப் பொன்னும் பெற்றாள். அக்காதையில் ஆசிரியர்களின் தகுதியும், யாழோன் குழலோன் தண்ணுமையோன் ஆகியோரின் இலக்கணமும், அரங்கின் நீள அகல உயரமும் விரிவாகச் சொல்லப்படுகின்றன. ஆட்டத்தின் பின்னே நின்ற பயிற்சியும் ஒழுங்கும் ஆட்டத்துக்கு ஈடாக மதிக்கப்பட்டன என்பது இதனால் விளங்கும்.

மேல்நாட்டிலும் இவ்வகைச் சான்றுகள் உள்ளன. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டில் வாழ்ந்த வில்லார் தெ ஓன்கூர் என்பவரின் ஓவியச் சுவடி ஒன்று பாரிசிலுள்ள தேசிய நூலகத்தில் பாதுகாக்கப்படுகிறது. எஞ்சியிருப்பவை 33 தோல் ஏடுகள். கோயிற் கட்டடங்கள், மரம் அறுக்கும் பொறி, சிங்கம், மனித உருவங்கள் எனத் தாம் கண்டவற்றையும் கருதியவற்றையும் அவர் அதில் வரைந்து, பக்கத்திலேயே குறிப்பும் எழுதி வைத்தார். ஏறத்தாழ 1482இல் லியோனார்டோ டா வின்சி மிலான் நகரத் தலைவருக்கு எழுதுவித்ததாகக் கருதப்படும் கடிதம் மற்றொரு சான்று. ஓவியத்தால் உலகப் புகழ் பெற்ற அவர், அக்கடிதத்தில் பாலம், பீரங்கி, அகழி முதலிய போர்த்தொழில் திறங்களையே வரிசைப்படுத்திவிட்டு, ஓவியத்தை இறுதியில்தான் குறிப்பிடுகிறார். எவரிடம் காட்டுகிறோமோ அவருக்கு எது வேண்டும் என்பதை எண்ணி அடுக்கும் அறிவை அதில் காண்கிறோம்.

நம் நாட்டுக் கைவினைஞருக்கோ நெடுங்காலம் இத்தகைய தொகுப்பு தேவைப்படவில்லை. தச்சரும் கம்மாளரும் நெசவாளரும் தந்தையிடமிருந்தே தொழில் கற்றனர். ஊரிலுள்ள தேரும் கோயிற் கதவும் வீட்டுக் குத்துவிளக்குமே அவர்களுடைய சான்றுகளாக நின்றன. வாங்குவோர் அயலாராக வந்தபோதுதான் நிலைமை மாறியது. கும்பெனியார் காலத்தில் தஞ்சாவூரிலும் திருச்சிராப்பள்ளியிலும் இருந்த ஓவியர்கள், பல தொழில் செய்வோரின் உருவங்களையும் திருவிழாக் காட்சிகளையும் தொகுதி தொகுதியாக வரைந்து ஆங்கிலேயர்க்கு விற்றனர். திருச்சியில் அப்பிரகத் தகட்டின் மீது தீட்டிய சிறு படங்கள் பெயர் பெற்றவை. ஊர் விட்டுப் போகிறவர் பெட்டியில் எடுத்துச் செல்லத்தக்க ஓவியக் கட்டு அவ்வாறு நம்மிடையே பெருகலாயிற்று.

அதன்பின் பள்ளிக்கூடம் வந்தது. 1850இல் அலெக்சாந்தர் ஹண்டர் என்னும் மருத்துவர் சென்னையில் ஓவியப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். சில ஆண்டுகளில் அரசாங்கம் அதனை ஏற்றது. எழும்பூருக்கு அருகே, இன்று பெரியார் ஈ.வெ.ரா. சாலை என வழங்கும் நெடுஞ்சாலையில், அரசு கவின் கலைக் கல்லூரியாக அது இன்றும் விளங்குகிறது. கல்கத்தாவில் 1854இலும், பம்பாயில் 1857இலும், லாகூரில் 1875இலும் இத்தகைய பள்ளிகள் தோன்றின. தந்தை யார் என்று கேளாமல், கை என்ன செய்யும் என்று கேட்கும் ஒரு வாயில் நம் நாட்டில் இவ்வாறு திறந்தது. கைவினைக் குடியில் பிறவாத இளைஞனும் அதனுள் நுழையலாம் என்பது பெரியதொரு மாறுதல்.

ஆனால் அந்த வாயிலுக்குள் கற்பித்த முறையில் ஒரு குறை இருந்தது. 1850களில் லண்டனில் ரிச்சர்ட் ரெட்கிரேவ் என்பவர் ஓவியக் கல்விக்கு 23 படிகள் கொண்ட பாடத்திட்டம் ஒன்றை வகுத்தார். நேர்கோடு, வளைகோடு, அச்சிட்ட படத்தைப் பார்த்து வரைதல், சுண்ணச் சிலையைப் பார்த்து வரைதல் என்று அது படிப்படியாக ஏறிச் செல்லும். சௌத் கென்சிங்டன் முறை என்று பெயர் பெற்ற அத்திட்டமே இந்தியப் பள்ளிகளையும் பெரிதும் ஆண்டது. இதில் ஒரு விந்தையைக் கவனிக்க வேண்டும். 1851இல் லண்டனில் நடந்த மாபெரும் பொருட்காட்சியில் இந்தியத் துணிகளையும் உலோக வேலைகளையும் கண்டு ஆங்கில வடிவமைப்பாளர்கள் வியந்தனர். ஓவன் ஜோன்ஸ் 1856இல் வெளியிட்ட அணிவேலைப்பாடுகள் பற்றிய நூலில் இந்திய வேலைப்பாட்டை உயர்த்திக் கூறினார். அதே காலத்தில் இந்திய மாணவன் தன் வீட்டுப் பானையையும் பாயையும் விட்டுவிட்டுக் கிரேக்கச் சிலையின் மூக்கைப் பார்த்து வரைந்துகொண்டிருந்தான்.

பிழையின்றிப் பார்த்து வரைவதே திறமை என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியதற்கு இம்முறை ஒரு முக்கிய காரணம். தமிழ் நாட்டில் அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் டிராயிங் லோயர், ஹையர் எழுதித் தேர்ந்தவர்கள் பல தலைமுறையாக இருக்கிறார்கள். கைக்கு அப்பயிற்சி நல்லது என்பதில் ஐயமில்லை. அது மட்டுமே போதுமா என்பதே கேள்வி.

போதாது என்று உணர்ந்தவர்கள் சென்னைப் பள்ளியிலேயே இருந்தனர். 1884இல் பொறுப்பேற்ற ஈ. பி. ஹாவெல், தென்னாட்டுக் கைத்தொழில்களை நேரில் ஆராய்ந்து, இந்தியக் கலைஞன் தன் மரபிலிருந்து கற்க வேண்டும் என்று வற்புறுத்தலானார். பின்னர்ப் பொறுப்பில் இருந்த ஆல்பிரட் சாட்டர்ட்டன், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அப்பள்ளியில் அலுமினியப் பாத்திரம் செய்யும் முயற்சியைத் தொடங்கினார். ஓவியப் பள்ளியிலிருந்து ஏழை வீட்டு அடுப்பங்கரைக்குப் பாத்திரம் சென்றது. வடிவம் அமைத்தல் என்பது அழகுக்கு மட்டும் உரியதன்று, பயனுக்கும் விலைக்கும் உரியது என்பதை அது காட்டியது.

1929 முதல் ஏறத்தாழ முப்பதாண்டுக் காலம் தலைமை வகித்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி அப்பள்ளியின் முதல் இந்தியத் தலைவர். சென்னைக் கடற்கரையில் 1959இல் நிறுவப்பெற்ற உழைப்பாளர் சிலை அவர் கைவண்ணம். அவரிடம் பயின்றவர்களுள் ஒருவர் கே. சி. எஸ். பணிக்கர். கோயம்புத்தூரில் 1911இல் பிறந்த அவர் தந்தையை இழந்து, குடும்பத்தைத் தாங்கத் தந்தி இலாகாவில் வேலை பார்த்தார். பள்ளிப் பருவத்திலேயே நீர்வண்ண ஓவியங்கள் தீட்டிவந்த அவர், வேலையை விட்டு 1936இல், இருபத்தைந்தாம் வயதில், ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். பின்னர் 1957இல் அதே நிறுவனத்தின் முதல்வரும் ஆனார். 1966இல் அவர் முன்னின்று தோற்றுவித்த சோழமண்டலக் கலைஞர் கிராமத்தில் ஓவியர்கள் துணியில் பத்திக் வேலை முதலிய கைவினைகளைச் செய்து விற்று, அவ்வருவாயால் தம் கலையைக் காத்துக்கொண்டனர். சம்பளத்தை விட்டுவிட்டுப் படம் வரையச் செல்வதா என்று இன்று கவலைப்படும் குடும்பங்களுக்கு இவ்வரலாறு ஆறுதல் அளிக்கும்.

விடுதலைக்குப்பின் மற்றுமொரு திருப்பம் நேர்ந்தது. பொறிகளால் பொருள்கள் பெருகும் காலத்தில் இந்தியாவுக்கு எத்தகைய வடிவமைப்புக் கல்வி வேண்டும் என்று ஆராய, மைய அரசு அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியரை அழைத்தது. நாட்டில் பல இடங்களுக்கும் சென்று கண்ட பின்னர், 1958இல் அவர்கள் ஓர் அறிக்கை அளித்தனர். தாங்கள் இந்தியாவில் கண்ட பொருள்களிலெல்லாம் அவர்கள் மிகுதியாகப் போற்றியது எதனை? மாளிகையை அன்று, சிற்பத்தை அன்று. நாள்தோறும் நீர் மொண்டு குடிக்கும் செம்பை! எவ்வளவு நீர் கொள்ள வேண்டும், இடுப்பில் வைத்தால் எப்படி நிற்கும், தலையில் வைத்தால் எப்படி நிற்கும், நிறைந்தபோதும் குறைந்தபோதும் சாயாதிருக்குமா, ஊற்றும்போது எப்படி விழும், தேய்த்துக் கழுவக் கை உள்ளே செல்லுமா, விலை என்ன, பழசானால் உலோகம் என்ன பெறும் என்பன போன்ற கேள்விகளை அவர்கள் அடுக்கினார்கள். ஒரு தனி மனிதன் வரைந்ததன்று அச்செம்பு. பல தலைமுறையினர் பயன்படுத்திப் பயன்படுத்தித் திருத்திய வடிவம் அது என்றார்கள்.

அவ்வறிக்கையின் விளைவாக 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்புக் கழகம் தோன்றியது. கௌதம் சாராபாய், கிரா சாராபாய் ஆகியோர் அதனை வளர்த்தனர். ஜெர்மனியில் 1919இல் தோன்றிய பௌஹவுஸ் பள்ளியும், அதன் பின்வந்த உல்ம் பள்ளியும் வகுத்த வழிகள் இங்கே செம்பின் பாடத்தோடு கலந்தன. மாணவனிடம் கேட்கப்பட்ட கேள்வியும் மாறிற்று. "எவ்வளவு நன்றாக வரைவாய்?" என்பது பழைய கேள்வி. "எதைப் பார்த்தாய், அதைப் பற்றி என்ன எண்ணினாய், எண்ணியதை எப்படிச் சோதித்தாய்?" என்பது புதிய கேள்வி.

இப்புதிய கேள்விக்கு விடை கூறிய தமிழ் நாட்டவர் பலருள் இருவரை மட்டும் குறிப்பிடுவோம். சென்னையில் பிறந்த எம். பி. ரஞ்சன் 1969இல் அகமதாபாத்துக்கு மாணவராகச் சென்று, பின்னர் அங்கேயே நெடுங்காலம் ஆசிரியராக இருந்தார். வடகிழக்கு மாநிலங்களின் மூங்கில், பிரம்பு வேலைகளைப் பற்றி அவர் மற்றிருவருடன் சேர்ந்து எழுதிய நூல் 1986இல் வெளிவந்தது. ஒவ்வொரு கூடையும் எப்படித் தொடங்கி எப்படி முடைந்து எப்படி விளிம்பு கட்டப்படுகிறது என்பதை ஆராய்ந்து, படத்தால் விளக்கும் நூல் அது. தெற்கே பிறந்து மேற்கே வாழ்ந்தவர் வடகிழக்கின் கூடையைக் கண்டு வியந்து நில்லாமல், அதன் முடிச்சை அவிழ்த்துப் பார்த்தார். அயலூராரின் கண்ணுக்கு ஒரு பயன் உண்டென்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மற்றவர் கள்ளக்குறிச்சியில் பிறந்த உதயகுமார். சென்னையில் கட்டடக் கலை பயின்று, பம்பாய் ஐ.ஐ.டி.யின் தொழில் வடிவமைப்பு மையத்தில் மேற்படிப்புப் படித்தவர். அம்மையம் 1969இல் தோன்றியது. அவர் அங்கே தமிழ் எழுத்தின் வடிவங்களை ஆராய்ந்தார். 'பராசக்தி' என்னும் தமிழ் எழுத்துருவை ஆக்கினார். மைய அரசு 2009இல் ரூபாய்க்கு ஒரு சின்னம் வேண்டிப் போட்டி நடத்தியபோது மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வடிவங்கள் வந்தன. அவற்றுள் ஐந்து இறுதிச் சுற்றுக்கு வந்தன. தேவநாகரி 'ர'வும் ரோமானிய 'ஆர்' எழுத்தும் ஓருருவில் பொருந்துமாறு, மேலே இரண்டு கோடுகள் இட்டு அவர் அமைத்த சின்னத்தை 2010 ஜூலை 15ஆம் நாள் அமைச்சரவை ஏற்றது. இன்று நம் கையில் புழங்கும் பணத்தில் அச்சின்னத்தைக் காண்கிறோம். தாய்மொழி எழுத்தின் வளைவுகளில் ஆண்டுக்கணக்காகத் தோய்ந்த கண் அது. அந்தப் பயிற்சி பிறமொழி எழுத்தை அமைப்பதற்கும் துணை நின்றது என்று கருதுவதில் தவறில்லை.

ஐதராபாத்திலும் இக்கல்விக்கு வாயில்கள் உண்டு. 1940இல் நிஜாம் ஆட்சியில் தோன்றிய கலைப் பள்ளி வளர்ந்து, இன்று ஜவாஹர்லால் நேரு கட்டடக் கலை நுண்கலைப் பல்கலைக்கழகத்தின் நுண்கலைக் கல்லூரியாக விளங்குகிறது. தேசிய ஆடைத் தொழில்நுட்பக் கழகமான 'நிஃப்ட்' 1995 முதல் அங்கே நடைபெறுகிறது. ஐதராபாத் ஐ.ஐ.டி.யிலும் வடிவமைப்புத் துறை இருக்கிறது. எல்லா இடத்திலும் முறை ஒன்றன்று. சில இடங்களில் எழுத்துத் தேர்வும் வரைதல் தேர்வும் மட்டும் உண்டு. சிலவற்றில் கொடுத்த பொருள்களைக் கொண்டு அங்கேயே ஒரு மாதிரியைச் செய்து காட்ட வேண்டும். மேற்படிப்புகளின் நேர்காணலிலும், தனியார் கல்லூரிகள் பலவற்றிலும் தொகுப்பு கேட்கப்படுகிறது. விதிகள் ஆண்டுதோறும் மாறக்கூடும் ஆதலால், அவ்வக் கல்லூரியின் அறிவிப்பைப் படித்தே முடிவு செய்தல் வேண்டும்.

இவ்வளவும் கூறியதன் பயன் யாது? மெட்டுகுடாவில் ஒரு தமிழ் மாணவி இத்தகைய தொகுப்பை அமைக்கத் தொடங்குகிறாள் என்று கொள்வோம். பயிற்சிக் கூடங்கள் சில, அழகிய படங்கள் சிலவற்றைக் காட்டி, இவ்வாறே வரைக என்று பழக்குகின்றன. நூறு மாணவர் ஒரே குடத்தையும் ஒரே கிழவர் முகத்தையும் வரைந்து செல்கின்றனர். இது ரெட்கிரேவ் வகுத்த 23 படிகளின் பழைய நிழல். தேர்வாளர் அதனை ஒரு நொடியில் கண்டுகொள்வர். பிறர் வரைந்து கொடுத்த படமோ இன்னும் கேடானது. இரண்டாம் கேள்வியிலேயே அது வெளிப்பட்டுவிடும். பொருளும் போகும், பெயரும் போகும்.

அவளுக்கு வேண்டியவை அவள் தெருவிலேயே இருக்கின்றன. தமிழ் வீட்டு வாயிலில் புள்ளியைச் சுற்றிவரும் சிக்குக் கோலமும், பக்கத்து வீட்டு வாயிலில் தெலுங்கர் இடும் முக்கும் எவ்வாறு ஒத்தும் வேறுபட்டும் இருக்கின்றன என்று மார்கழி முழுதும் பார்த்து வரையலாம். பதுக்கம்மா விழாவில் தாம்பாளத்தின் மேல் தங்கேடுப் பூவையும் குனுகுப் பூவையும் வட்டம் வட்டமாக அடுக்கிக் கோபுரமாக்குகிறார்கள். அது சரியாமல் நிற்பது எங்ஙனம் என்று ஆராயலாம். இரானிக் கடையில் தேநீர்க் கோப்பையைப் பிடிக்கும் விரல்களை வரையலாம். பட்டறைக்குச் செல்லும் தந்தையின் அடுக்குச் சோற்றுப் பாத்திரத்தில் குழம்பு கசிகிறதா? கசியும் இடம் எது, பிடியும் கொக்கியும் எப்படி இயங்குகின்றன, அட்டையால் ஒரு மாதிரி செய்தால் என்ன ஆகிறது, அது தோற்றால் அடுத்தது யாது என்று நான்கைந்து தாள்களில் காட்டலாம். ஈம்ஸ் தம்பதியர் செம்பைக் கேட்ட கேள்விகளையே அவள் அப்பாத்திரத்தைக் கேட்கிறாள்.

ஆதலால் முடிந்த படங்களோடு, முடிவை நோக்கிச் சென்ற வழியும் தொகுப்பில் இருத்தல் வேண்டும். முதற் குறிப்பு, தவறிய முயற்சி, திருத்தம், முடிவு என்ற வரிசை தேர்வாளருக்கு மாணவியின் மனத்தைக் காட்டும். கல்லூரி எண்ணிக்கை குறிப்பிடாவிடின் பன்னிரண்டு முதல் இருபது வரையிலான படைப்புகள் போதும் என்பது நம் கருத்து. ஐயத்துக்கு இடமான ஒன்றைச் சேர்ப்பதினும் விடுவதே மேல். நல்லது ஒன்று முதலிலும் நல்லது ஒன்று முடிவிலும் நிற்கட்டும். தாள்கள் ஒரே அளவினவாக இருந்தால் புரட்டுவது எளிது. ஒவ்வொன்றின் கீழும் என்ன, எப்போது, எப்பொருளால் செய்தது என்பதை இரண்டு வரியில் எழுத வேண்டும். களிமண், மரம், துணி ஆகியவற்றால் செய்தவற்றைப் பகல் வெளிச்சத்தில், அளவு தெரியுமாறு அருகில் ஒரு கையையோ நாணயத்தையோ வைத்துப் படம் எடுக்கலாம். மின்னஞ்சல் வழியே அனுப்பும்போது கல்லூரி கூறிய அளவை மீறாத பி.டி.எஃப். கோப்பாக அனுப்ப வேண்டும். சரிகைத் தாளும் மினுக்குத் தூளும் வேண்டுவதில்லை. அன்றாடம் வரைந்த சிறு குறிப்பேட்டையும் உடன் கொண்டு செல்வது நன்று. ஏடு ஏடாகப் புரண்டு வரும் அதில் மாணவியின் உழைப்பு மறைக்க முடியாதபடி தெரியும்.

இனி, தேர்வாளர் முன் பேசுதல். பிற மாநிலத்தில் வளர்ந்த நம் பிள்ளைகளுள் பலர் இங்கேதான் தயங்குகின்றனர். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, பள்ளியில் ஆங்கிலம் என்று வளர்ந்து, எம்மொழியும் முழுமையாக வசப்படவில்லையே என்று அஞ்சுகின்றனர். அச்சத்துக்கு இடமில்லை. படம் முன்னே இருக்கும்போது சொல் குறைவாக இருந்தாலும் போதும். "இதைக் கண்டேன், இது என்னை உறுத்தியது, இவ்வாறு செய்து பார்த்தேன், இது சரிவரவில்லை, பிறகு இவ்வாறு மாற்றினேன்" என்னும் ஐந்து வாக்கியங்களை மனத்தில் நிறுத்தி, ஒவ்வொரு படைப்புக்கும் வீட்டாரிடம் ஒரு முறை உரக்கச் சொல்லிப் பழகட்டும். கேட்பவர் ஓவியம் அறியாத பாட்டியாக இருந்தால் இன்னும் நல்லது; அவருக்கு விளங்கினால் எவருக்கும் விளங்கும். பிறர் துணை செய்த இடத்தில் அவர் பெயரைச் சொல்லுதல் கடமை. தெரியாததைத் தெரியாது என்று கூறுவதும் ஒரு தகுதியே.

பெற்றோர்க்கும் ஒரு சொல். பொறியியலும் மருத்துவமுமே வாழ்வு தரும் என்று எண்ணி, வரைகின்ற பிள்ளையின் தாளைப் பறித்து வைக்கும் வீடுகள் உண்டு. அயலூரில் வேர் பிடிக்கப் பாடுபட்டவர்களின் அச்சம் அது; அதனை நாம் இகழவில்லை. வடிவமைப்புக் கல்விக்குச் செலவு மிகுதி, இடங்களோ குறைவு. ஒரு முறை இடம் கிடைக்காமற் போவதும் உண்டு. ஆயினும் ஓராண்டு கண் திறந்து பார்த்து, கை ஓயாது வரைந்து, தவறியதைத் திருத்திப் பழகிய பிள்ளைக்கு அவ்வாண்டு வீணன்று. எத்தொழிலுக்குச் சென்றாலும் அப்பழக்கம் உடன் வரும்.

மெட்டு என்னும் தெலுங்குச் சொல்லுக்குப் படி என்று பொருள். ஊர்ப்பெயரின் வரலாற்றை ஆராய்வது நம் நோக்கமன்று. சொல் பொருத்தமாக அமைந்தது பற்றியே குறிப்பிடுகிறோம். சென்னைப் பள்ளியின் சுண்ணச் சிலையிலிருந்து அகமதாபாத்தின் செம்பு வரை வந்து சேர நம் நாட்டுக்கு நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. அவ்வளவு தொலைவும் நடந்து வந்த அறிவு, வாயிற் கோலத்திலும் தந்தையின் சோற்றுப் பாத்திரத்திலும் தொடங்கலாம் என்று இன்றைய மாணவிக்குச் சொல்லுகிறது. தாளும் எழுதுகோலும் எடுத்து நாளைக் காலையே அவள் தொடங்கலாம்.